பன்னிரண்டாவது மாணவி

மீன்காரி மல்சூன் பேராசிரியர் மியோங்குக்குக் கொடுக்க வேண்டியது சரியாக இருபத்தெட்டு லட்சத்து நாற்பதாயிரம் வோன். கடன் கேட்டது அவள் இல்லை. வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சியது அவர்தான்.

தென்கொரியத் துறைமுக ஊரின் அந்த இரண்டாண்டுக் கல்லூரியில் ஆள் பிடிப்பதும் பேராசிரியர்களின் வேலை. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் சியோலுக்கு ரயிலேறிவிட்டார்கள். பன்னிரண்டு பேர் சேராவிட்டால் கணினித் துறைக்கும் பூட்டு, மியோங்கின் சம்பளத்துக்கும் பூட்டு. பிப்ரவரி கடைசி நாளில் கணக்கு பதினொன்றில் நின்றது. ஒரு பெட்டி வைட்டமின் பானத்தைத் தூக்கிக்கொண்டு அவர் மீன் சந்தைக்குள் நுழைந்தார்.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு சார். கம்ப்யூட்டரைத் துணி வச்சுத் துடைச்சதுகூட இல்ல."

"கையெழுத்துப் போட்டாப் போதும்க்கா. பீஸ் நான் கட்டறேன். கைமாத்தா வச்சுக்கங்க, மெதுவாத் தாங்க. வகுப்புக்கு வரவே வேணாம்."

அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போட்டாள்.

முதல் நாள் காலையில் ரப்பர் பூட்ஸோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் வேறு ஒருவரும் இல்லை.

"வர வேணாம்னு சொன்னேனேக்கா?"

"இருபத்தெட்டு லட்சம் சார்! கட்டிட்டு வராம இருந்தா, மீனை வாங்கி வெயில்ல போட்ட கதைதான். மத்தவங்க எங்க?"

"அவங்க... சாயங்கால வகுப்பு."

சாயங்காலமும் வந்துவிட்டாள்.

மியோங் வீட்டுக்குப் போன் போட்டார். மறுநாள் அவர் மனைவி, மாமியார், மச்சான், இன்னும் எட்டு உறவுக்காரர்கள் பெஞ்சை நிறைத்தார்கள். அந்தப் பதினோரு மாணவர்களும் அவர்கள்தான். வகுப்பு முடிந்ததும் பன்றிக்கறியும் சோஜு சாராயமும் என்பது பேச்சு. மாமியார் சும்மா இருக்க முடியாமல் பூண்டு உரித்தார். மச்சான் குறட்டை விட்டான்.

"சார், இவங்க யாரும் சந்தேகமே கேக்க மாட்டேங்கறாங்களே?"

"புத்திசாலிங்கக்கா. உடனே புரிஞ்சுடுது."

இரண்டு மாதத்தில் கறிக்கடை பில் சம்பளத்தைத் தின்ன ஆரம்பித்தது. மல்சூன் வீட்டிலேயே கிடந்தால் இந்தச் செலவு மிச்சம் என்று மியோங்குக்கு ஒரு யோசனை வந்தது. துறைப் பதிவேட்டையும் ஒரு பழைய கணினியையும் அவளிடம் கொடுத்தார்.

"இதை வச்சு ஒரு வருகைப் பதிவு புரோகிராம் எழுதுங்க. வீட்டுலேயே எழுதுங்க. முடிஞ்சதும் வந்தாப் போதும்."

அவளால் இந்த ஜென்மத்தில் முடியாது என்பது அவர் கணக்கு. அதிகாலை மூன்று மணிக்கு ஏலத்தில் நின்று, வந்த பெட்டியையும் போன பெட்டியையும் முப்பது வருடம் மனசுக்குள் எண்ணியவள் அவள். ஒன்பதாவது நாள் வந்துவிட்டாள்.

"ஓடுது சார். ஆனா ஒரு கோளாறு. பதினோரு பேருக்கும் ஒரே அடுக்குமாடி, ஒரே கதவு எண் காட்டுது."

மியோங்குக்கு வியர்த்தது. "புரோகிராம்ல தப்பு இருக்குக்கா. தேடுங்க."

பாவம், மூன்று வாரம் தேடினாள். வரி வரியாக அழித்து எழுதினாள். கண் சிவந்து வந்து நின்றாள்.

"தப்பே இல்ல சார். அந்த வீட்டுக்கே போய்ப் பாத்துட்டேன். நம்ம கிளாஸ்ல பூண்டு உரிப்பாங்களே, அந்த அம்மா பால்கனியில உங்க பேண்ட்டைக் காயப்போட்டுட்டு இருந்தாங்க."

மியோங் பதிவேட்டை வாங்கி மூடி வைத்தார்.

"உங்களுக்கு முழு மார்க்குக்கா" என்றார் மியோங்.

"சந்தோஷம் சார்."

பத்து நாள் கழித்து ஆய்வுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். நேராக மாமியாரிடம் போனார்கள்.

"நீங்க என்னம்மா படிக்கறீங்க?"

"மாப்பிள்ளை என்ன சொன்னாரோ அது."

அந்த மாதமே துறையை மூடினார்கள். மியோங்கின் வேலை போனது. நிஜ மாணவி என்று ஒருத்திதான் தேறியதால் மல்சூனைப் பக்கத்து ஊர்க் கல்லூரி எடுத்துக்கொண்டது.

குளிர்காலத்தில் மியோங் காப்பீடு விற்கத் தாள்களைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்தார். வீட்டிலும் மரியாதை போய்விட்டது. மாமியார் பூண்டை இப்போது அவரிடம்தான் உரிக்கக் கொடுக்கிறாராம்.

"எவனோ போட்டுக் கொடுத்துட்டான்க்கா. என் மச்சான்தான். கறி பத்தலன்னு அவனுக்குக் கோவம்."

"கறி விஷயம் பொல்லாதது சார்" என்ற மல்சூன் கடைக்குள் போய் ஒரு உறையோடு வந்தாள். "எண்ணிக்கங்க. இருபத்தெட்டு லட்சத்து நாப்பதாயிரம்."

மியோங் எண்ணினார். ஒரு தாள் குறையவில்லை. அவர் கண் கலங்கியது.

"சொந்தக்காரங்க பதினோரு பேரு. ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல. நீங்க ஒருத்தர்தான்க்கா எனக்கு நல்லது நெனச்சீங்க."

பக்கத்துக் கடையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"மேல கொஞ்சம் போட்டுக் குடு மல்சூன். இவரு இல்லன்னா, போலி மாணவங்களைப் புடிச்சுக் குடுத்ததுக்கு கவர்மெண்டு உனக்கு அவ்வளவு வெகுமதி குடுத்திருக்குமா?"