கரண்டி விரதம்

"ஏனப்பா சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கரண்டி?"

ஒரு காலை வெளியே வைத்துவிட்ட குகதாசன் அப்படியே நின்றார். வெள்ளவத்தையில் அவர்களுடைய மாடியில் லிப்ட் வந்து நிற்பதே அபூர்வம். வந்து நின்ற லிப்டை விட்டுவிட்டு மனைவி கௌரிக்குப் பதில் சொல்லவேண்டியதாயிற்று. கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டி, தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கமாட்டேன் என்று ஊரறியச் சொன்ன மனிதர், காலங்காத்தாலே சமையலறைக் கரண்டியோடு எங்கே புறப்படுகிறார்?

"தீர்த்தம் வாங்க."

"தீர்த்தம் கையிலதானே வாங்கிறது?"

"அது முந்தி. கொரோனாவுக்குப் பிறகு கரண்டியில வாங்கிறதுதான் சுத்தம் எண்டு சொல்லுகினம்."

"ஆர் சொல்லுகினம்?"

"எல்லாரும்தான்," என்று சொல்லிவிட்டு, திரும்பி வருமோ வராதோ என்றிருந்த லிப்டை நம்பாமல் குகதாசன் படியால் இறங்கினார்.

குகதாசனுக்கும் விரதத்துக்கும் வெகுதூரம். முருகனைப் பெயரிலே சுமப்பதே போதுமான பக்தி என்று இத்தனை காலமும் இருந்தவர். போன வருடம் இதே சஷ்டி காலத்தில், வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு கடை வாசலில் நின்று மட்டன் ரோலைக் கடித்தபடி திரும்பியபோது, எதிரே குடையோடு ஒருவர் நின்றார். கொட்டாஞ்சேனையில் ஒரு முருகன் கோயிலின் தலைவர் நமசிவாயம். முப்பது வருடமாக வெறும் தண்ணீரில் சஷ்டி விரதம் பிடிக்கிறவர் என்று கொழும்பிலே பெயர். அன்றைக்குக் குகதாசன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மிச்ச ரோலையும் தின்றார். அந்த நமசிவாயத்தின் மகன் ஜனாவைத் தன்னுடைய ஒரே மகள் யதுஷா விரும்பப்போகிறாள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஜனா நல்ல பெடியன். குறை சொல்ல இடமில்லை. ஆனால் கலியாணப் பேச்சுக்கால் தொடங்கியதும் நமசிவாயம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"சஷ்டியில மட்டன் ரோல் திண்ட வீட்டிலயோ பொம்பிளை எடுக்கிறது?"

அன்று இரவு யதுஷா அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். மகளின் அழுகை குகதாசனால் தாங்க முடியாத ஒன்று. கதவுக்கு வெளியே நின்று, யோசிக்காமல், வீராப்பாகச் சொன்னார்.

"பிள்ளை, இந்தமுறை ஆறு நாளும் நான் விரதம். அவற்ற கோயிலில, அவற்ற கண்ணுக்கு முன்னால. வெறும் தண்ணியில!"

கதவு திறந்தது. யதுஷா மூக்கைத் துடைத்தபடி அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்பா, தேத்தண்ணி கொஞ்சம் பிந்தினாலே நீங்கள் அம்மாவோட சண்டை."

"அது வேற. இது பிள்ளைக்காக."

அவள் அழுகையோடு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக ஆறு நாள் என்ன, அறுபது நாளும் இருக்கலாம் என்று குகதாசனுக்குத் தோன்றியது. சாப்பிட்ட வயிற்றோடு யோசித்தால் எல்லாமே இலகுவாகத்தான் தோன்றும்.

திங்கட்கிழமை காப்புக் கட்டினார். அன்று மத்தியானமே, வேலை செய்கிற புறக்கோட்டைக் கந்தோரில் மேசைமேல் தலை சாய்ந்துவிட்டது. பக்கத்து மேசை ஸவாஹிர் எழுப்பினார். தொந்தியைக் குறைப்பதற்காக அரை வருடமாகச் சோற்றைத் தொடாதவர் ஸவாஹிர். தொந்திக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

"மச்சான், எழும்பு. இந்தா, இதுல ஒரு கரண்டி அடி."

"நான் விரதம், ஸவாஹிர்."

"விரதத்துல சாப்பாடுதானே கூடாது? இது சாப்பாடில்ல, எம்சிடி ஓயில். தேங்காயெண்ணெய்ல இருந்து பிரிச்சு எடுக்கிற. மணமுமில்ல, ருசியுமில்ல. பட்டினி கிடக்கிற ஆக்களுக்குச் சக்தி குடுக்கும். இத குடிச்சா பட்டினி முறியாதுன்னு யூடியூப்ல டொக்டரே செல்றார்."

"அப்ப நீ நோன்பு காலத்தில குடிப்பியோ?"

"அஸ்தஃபிருல்லாஹ்! எங்கட நோன்புல தண்ணியே இல்லயே! ஆனா உங்கட புராணத்துல எங்கயாச்சும் எம்சிடி ஓயில் கூடாதுன்னு ஈக்கா?"

குகதாசன் யோசித்துப் பார்த்தார். இல்லைத்தான். பசித்தவனுக்குச் சட்ட மூளை நன்றாக வேலை செய்யும். புதுக்கடை நீதிமன்றத்தில் கோட்டுப் போட்டு வாதாடுகிற பெரிய அப்புக்காத்துமாருக்கும் தோன்றாத நியாயங்கள் அவருக்கு வரிசையாகத் தோன்றின. தலைக்கு எண்ணெய் வைத்தால் விரதம் முறிகிறதா? இல்லை. விளக்குக்கு எண்ணெய் விட்டால்? இல்லை. அப்படியானால் தொண்டை மட்டும் என்ன பாவம் செய்தது?

"எவ்வளவு குடிக்கிறது?"

எல்லா வினையும் இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. தேக்கரண்டியளவில் தொடங்கி, சாப்பாட்டோடு சேர்த்து, கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லக் கூட்டவும் என்று போத்தலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. யூடியூப் டொக்டர் இரண்டு மேசைக்கரண்டி என்றார். தான் மூன்று அடிப்பதாக ஸவாஹிர் சொன்னார். கிழமைக் கணக்கில் கூட்டக் குகதாசனுக்கு ஏது நேரம்? சனிக்கிழமை சூரனைக் கொன்றுவிடுவார்கள். சாப்பாட்டோடு என்ற சொல்லைச் சாப்பாடே இல்லாதவருக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டார்.

முதல் நாள், ஸவாஹிர் அப்படியே கொடுத்துவிட்ட போத்தலில் கந்தோர்த் தேக்கரண்டியால் ஒன்று குடித்தார். ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதனால்தான் அடுத்தநாள் காலையில் வீட்டு மேசைக்கரண்டி சேட்டுப் பொக்கற்றில் ஏறியது.

மேசைக்கரண்டி வேலை செய்தது. அன்று மாலை கொட்டாஞ்சேனைக் கோயிலில் விரதகாரர் எல்லாரும் தூணுக்குத் தூண் சாய்ந்து கிடக்க, குகதாசன் ஒருவர்தான் நிமிர்ந்து நின்று அரோகரா சொன்னார். இல்லை, இன்னொருவரும் நிமிர்ந்துதான் இருந்தார். நமசிவாயம். முப்பது வருடப் பழக்கம் முகத்திலே பளபளத்தது. இடைக்கிடை எழுந்து, கால் கழுவ என்று பின்பக்கத்துப் பைப்படிக்குப் போவார். திரும்பி வந்து கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்புவார். ஒரு மனிதர் இத்தனை தரம் கால் கழுவுகிற ஆசாரத்தைக் குகதாசன் கண்டதில்லை. மனதுக்குள் கும்பிட்டார்.

அப்படிக் கும்பிட்டுக் குனிந்தபோதுதான் வேட்டி மடிப்புக்குள் செருகியிருந்த கரண்டி நழுவிக் கருங்கல் தரையில் கணீரென்று விழுந்தது.

நமசிவாயம் கண்ணைத் திறந்தார்.

"என்ன தம்பி, கரண்டி?"

"தீர்த்தத்துக்கு, அண்ணை. சுகாதாரம்."

நமசிவாயம் அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குகதாசன் கரண்டியின் விளிம்பையே பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமோ? யதுஷாவின் முகம் கண்முன்னே வந்து போனது.

"இது மேசைக்கரண்டியெல்லோ?"

"ஓம் அண்ணை."

"ஒண்டு காணுமோ உமக்கு?"

குத்திக்காட்டுகிறாரோ என்று குகதாசன் கூனிக்குறுகினார். "காணும், அண்ணை."

நமசிவாயம் நீண்ட பெருமூச்சொன்று விட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாரும் சோர்ந்து கிடக்கினம். நீர் மட்டும் தண்ணியில நிக்கிற ஆள் மாதிரியே தெரியேல்லை."

குகதாசன் அவசரமாகப் பக்கத்துத் தூணில் சாய்ந்தார்.

"சூரன் காவ ஒராள் குறையுது. முன்பக்கம். நீர்தான் சரி."

மாட்டேன் என்றால் சக்தியில்லை என்று ஆகும். சக்தியில்லாதவன் மட்டன் ரோல்காரனாகத்தான் இருப்பான். குகதாசன் தலையாட்டினார்.

இந்தக் கோயில் சூரன் லேசுப்பட்டவன் அல்ல. முழு மரத்தில் செய்த உடம்பு. சண்டையின்போது தலையைக் கழற்றி வேறு வேறு தலை மாட்டுவார்கள். நாலு பேர் தோளில் வைத்துக் குதிக்கவேண்டும், சுழலவேண்டும், முருகனை நோக்கிப் பாயவேண்டும். அதற்கு ஒரு கரண்டி எப்படிக் காணும்? புதன்கிழமை இரண்டாக்கினார். வியாழக்கிழமை வயிற்றுக்குள் யாரோ மேசை கதிரை இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஸவாஹிர், வயிறு ஒரு மாதிரிக் கதைக்குது."

"பழகுது மச்சான். இப்ப நிப்பாட்டினா உடம்பு கொழம்பிடும். கூட்டு."

மூன்றாக்கினார்.

இதற்கிடையில் கௌரி சும்மா இருக்கவில்லை. கணவன் சொன்னதை உண்மையென்று நம்பி, கோயிலுக்கு வந்த பெண்களிடம் தீர்த்தச் சுகாதாரம் பற்றி விளக்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை தீர்த்தத்துக்கு நின்ற வரிசையில் பாதிப்பேர் கரண்டி நீட்டினார்கள். ஒரு அம்மா அகப்பையே கொண்டுவந்திருந்தார். ஐயர் எல்லாரையும் முறைத்தார். எங்கள் ஆட்களுக்கு ஒரு புதுச் சம்பிரதாயத்தைத் தொடங்கி வைக்க ஒரு பொய் போதும், காரணம் கேட்க ஒருவரும் வரமாட்டார்கள்.

"உங்களாலதான் எல்லாரும் சுத்தமா நிக்கினம்," என்றாள் கௌரி பெருமையாக.

குகதாசன் முருகனைப் பார்க்கத் துணிவில்லாமல் மயிலைப் பார்த்துக் கும்பிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம். கோயில் வீதி முழுக்கச் சனம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சூரனுக்குக் கீழே போவதற்கு முன், குகதாசன் அந்த முழு மர உடம்பை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார். மூன்று கரண்டி காணாது என்று பட்டது. பைக்குள் எஞ்சிக் கிடந்த போத்தலை எடுத்தார். கரண்டியைத் தேடினார், கிடைக்கவில்லை. யாரோ வருகிற சத்தம் கேட்டதும் வாயிலே கவிழ்த்து மடக்கு மடக்கென்று குடித்துவிட்டுப் போத்தலை ஒளித்தார். கரண்டிக் கணக்கு அத்தோடு முடிந்தது.

மேளம் அடித்தது. வீதியின் ஒரு முனையில் ஆட்டுக்கடா வாகனத்தில் முருகன் வந்தார். முன்தண்டில் நமசிவாயம். மறுமுனையில் சூரன். முன்தண்டில் குகதாசன். இரண்டுக்கும் நடுவே, வீதியோரமாக, யதுஷாவும் ஜனாவும் முதன்முதலாக எல்லாருக்கும் தெரியப் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அதைக் கண்டதும் குகதாசனின் கண் கலங்கியது. இன்னும் கொஞ்ச நேரம்தான். சூரன் செத்துவிட்டால் பிள்ளை வாழ்ந்துவிடுவாள்.

சூரன் ஒருதரம் பாய்ந்தான். பின்வாங்கினான். மறுபடி பாய்ந்தான். சனம் ஆரவாரம் செய்தது. சிங்கத் தலையை மாட்டிக்கொண்டு இன்னுமொருதரம் குதித்து இறங்கியபோது, குகதாசனின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தைவிட்டுக் கழன்றது.

"அண்ணை, திரும்புங்கோ, சுழலோணும்," என்றான் பின்னால் நின்றவன்.

குகதாசன் திரும்பினார். ஆனால் சுழலவில்லை. ஓடினார்.

முன்தண்டு ஓடினால் பின்தண்டு என்ன செய்யும்? இது இந்த வருடத்துப் புது ஏற்பாடு என்று நினைத்து மற்ற மூவரும் கூடவே ஓடினார்கள். சூரன் போர்க்களத்தைவிட்டுக் கோயிலின் பின்பக்கம் நோக்கிப் பறந்தான். மேளகாரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது அவர்கள் வேகமாக அடிப்பார்கள். ஒரு கணம் திகைத்த சனம், "அரோகரா!" என்று குமுறியது. இப்படியொரு சூரன் போரை அவர்கள் கண்டதேயில்லை.

குகதாசன் ஓடியபடியே கடைக்கண்ணால் பார்த்தார். முருகனும் ஓடி வந்துகொண்டிருந்தார். முன்தண்டில் நமசிவாயம், வயதுக்குக் கொஞ்சமும் பொருந்தாத வேகத்தில், ஆட்டுக்கடாவையும் முருகனையும் மற்றக் காவுகாரரையும் இழுத்துக்கொண்டு வந்தார். முகம் சிவந்து, உதடு இறுகி, கண் பிதுங்கி இருந்தது.

கண்டுபிடித்துவிட்டார். முடிந்தது.

மூலையில் சூரனைச் சுவரோடு சாத்திவிட்டுக் குகதாசன் பின்பக்கத்துப் பைப்படிக்குப் பாய்ந்தார். அதற்குப் பக்கத்தில் கோயிலுக்கென்று இருந்தது ஒரேயொரு கழிப்பறை. கதவின் கொண்டியைப் பிடித்த அதே கணம் முதுகுக்குப் பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினார். நமசிவாயம். முருகனை மற்றக் காவுகாரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார், சால்வையைக் காணவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குகதாசன் கதவோடு சாய்ந்தார். இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை. வயிறு ஒருபுறம் பிசைய, மகளின் சிரிப்பு மறுபுறம் பிசைந்தது.

"அண்ணை, என்னை மன்னிக்கோணும். நான் தண்ணியில பிடிக்கேல்லை. எண்ணெய் குடிச்சனான். எம்சிடி ஓயில். ஒண்டில தொடங்கி மூண்டு கரண்டி வரைக்கும் போட்டன், இண்டைக்குப் போத்தலோட குடிச்சிட்டன். தீர்த்தக் கரண்டி எண்டதும் பொய். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, அண்ணை. மட்டன் ரோல் திண்டதும் நான்தான், அவளில்லை. என்னை என்னவும் செய்யுங்கோ, அவையள் ரெண்டுபேரையும் மட்டும் பிரிச்சுப் போடாதேங்கோ!"

வீதியில் அரோகரா வானத்தைப் பிளந்தது. நமசிவாயம் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, கலியாணத்தைத் தையில வைப்பம். முதல்ல கதவை விடும். நான் நாலு கரண்டி!"