மலைக்குப் போக ஒரே ஒரு சீட்டு

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற வாரத்தில் வீட்டில் இருப்பதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்த அன்றே, தேசியக் கார்ப் பந்தயம் மலையில்தான் நடக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெளிவாகிவிட்டது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன.

பந்தயத்துக்கு இரண்டு தடங்கள் போட்டியிட்டன. ஒன்று துறைமுகத் தடம். அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் தெரியும். அங்கே நடந்தால் காலையில் போய், மத்தியானம் வந்து பீரோவை நகர்த்திக் கொடுத்துவிட்டு, மறுபடியும் போகலாம். மனைவி அப்படித்தான் திட்டம் போட்டிருந்தாள். மற்றது மலைத்தடம். ஓர் இரவுப் பயணம். ஏறிவிட்டால் பந்தயம் முடியாமல் இறங்க முடியாது. எந்தப் பீரோவும் அவ்வளவு தூரம் வந்து கூப்பிடாது.

பந்தயச் சங்கம் ஊர் ஊராக ரசிகர் மன்றங்களின் கருத்தைக் கேட்டிருந்தது. மற்ற ஊர்கள் சரிபாதியாகப் பிரிந்துவிட்டன. மிச்சம் இந்த ஊர்தான். ஞாயிற்றுக்கிழமை விவாதம். வெல்கிற தடத்துக்காகப் பேசி முடிப்பவருக்கு மன்றத்தின் சார்பில் ஒரு சீட்டு, தங்க ஓர் அறை.

எதிர்த்தரப்பு, அவர் கடைக்கு மேல் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். யாராவது பதில் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

ஆகவே சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. மனைவி மின்வாரியத்தில் புகார் போன் எடுக்கிறவள். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ துறைமுகத்துக்காகப் பேசு. நான் மலைக்கு."

"எனக்கு அதைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாமலே பேசு. டாக்டரும் அப்படித்தான் பேசப்போறார்."

"சரி. மலையில ரோடு குறுகல். அடிபட்டா ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?"

"வளைவுக்கு ஒண்ணா நிக்கும்."

"மழை பேஞ்சா?"

"மழையிலதான் ஓட்டுறவன் கை தெரியும்."

"பாக்க வந்தவங்க நனைவாங்களே."

"ரசிகன்னா நனைவான்."

"கொடியில இருந்து துணி எடுக்கவே நீங்க குடை கேப்பீங்க."

"அது வேற விஷயம்."

"துறைமுகம்னா சாப்பிட வீட்டுக்கு வந்துடலாம்."

"அதாம்மா அதுல இருக்கிற பெரிய குறையே."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். காலரை ஒருமுறை நீவிவிட்டாள்.

"நீங்க சொல்றது சரிதான்," என்றாள். "மலைதான் பொருத்தம். நாளைக்கு நானும் வர்றேன்."

அவர் சொன்னது சரி என்று அவள் ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நெகிழ்ந்துபோனார்.

விவாதம் அவர் கடையிலேயே நடந்தது. டாக்டர் முதலில் எழுந்து, கடற்காற்று, சமதளம், பஸ் வசதி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். அடுத்து கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். மனசுக்குள் பீரோவை வைத்துக்கொண்டு வாயால் வளைவுகளைப் பற்றிப் பேசுவது சுலபமில்லை. மூன்றாவது வளைவில் நாக்கு சறுக்கியது. டாக்டர் சிரித்தார். இவர் மனைவியைப் பார்த்தார்.

"நீயாவது சொல்லேன்."

அவள் எழுந்தாள். போனில் பேசுகிற குரல்.

"சொல்லுங்க டாக்டர், மலையைப் பத்தி உங்க குறை என்ன?"

டாக்டர் திகைத்தார். இதுவரை யாரும் அவரிடம் குறை கேட்டதில்லை. "தூரம்."

"தூரம்தான். புரியுது. வேற?"

"குளிரும்."

"குளிரும். நியாயம். வேற ஏதாவது?"

வேறு இல்லை.

"துறைமுகத்துல வச்சா பந்தயம் முடியுற வரைக்கும் நம்ம தெருவை அடைச்சுடுவாங்க. கடைக்கு யாரும் வர முடியாது. பல் வலின்னு துடிக்கிறவங்க உங்ககிட்ட எந்த வழியா வருவாங்க?"

டாக்டரின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

"உங்க குறையைப் பதிவு பண்ணிக்கிட்டேன்," என்று அவள் உட்கார்ந்தாள்.

கைகள் உயர்ந்தன. கடைசியாக உயர்ந்தது டாக்டருடையது. மலை வென்றது.

மன்றச் செயலாளரான பேக்கரிக்காரர் சீட்டோடு வந்தார். கண்ணாடிக்கடைக்காரர் கையை நீட்டினார். செயலாளர் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தார். "பேசி முடிச்சவங்களுக்குத்தானே."

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

அவருக்கு உயிர் வந்தது.

"விதின்னா மீற முடியுமா," என்று வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

வழியெல்லாம் அவர் மன்றாடினார். "உனக்குக் கார்ச் சத்தமே ஆகாதேம்மா."

"பழகிக்கிறேன்."

"குளிரும்னு டாக்டரே சொன்னாரே."

"உங்க ஸ்வெட்டரை எடுத்துக்கிறேன்."

பந்தயத்தன்று கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு பீரோக்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். டிவியைப் பெயின்டர் பழைய போர்வையால் மூடிக் கட்டியிருந்தார். படுக்கையறைக்கு எந்த நீலம் என்று கேட்டார். எதைச் சொன்னாலும் அது தப்பான நீலமாகத்தான் இருக்கும் என்பது இவருக்குத் தெரியும். மனைவிக்குப் போன் போட்டார். மணி ஒருமுறை அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். பின்னால் கார்கள் உறுமிக்கொண்டு போயின.

"இங்க ஒரே சத்தம், நீங்க பேசுறது ஒண்ணும் கேக்கலைங்க, வச்சிடறேன்."

அவர் இன்னும் பேசவே ஆரம்பித்திருக்கவில்லை.