வென்றாலும் தோற்றாலும் ஓம் சேர்

"இந்த ரக்பி கோச்சை வீட்டுக்கு அனுப்பவேணும்" என்றார் மிஸ்டர் கெல்லி.

"ஓம் சேர், உடனே அனுப்பவேணும்" என்றான் சிவபாலன்.

கெல்லியின் முகம் சுருங்கியது. தேநீர்க் கோப்பையோடு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிட்னியின் லிட்கம் பகுதித் தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலை சிவபாலனுக்கு. மாத முடிவில் அது நிரந்தரமாகுமா என்பது கெல்லியின் கையில் இருந்தது. வீட்டில் மனைவி வைதேகி நிறைமாதக் கர்ப்பிணி.

கெல்லி அயர்லாந்துக்காரர். அவருடைய ஒரே கவலை அந்நாட்டு ரக்பி அணி. 1979 ஜூனில் அது ஆஸ்திரேலியாவுக்கே ஆட வந்திருந்தது. சிவபாலனோ கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் பழகியவன். அங்கே மேலதிகாரி வாயை மூடுமுன் ஆமாம் என்னும் "ஓம் சேர்" வந்துவிட வேண்டும்.

"பிழை உங்களிலதான்" என்றாள் நடந்ததைக் கேட்ட வைதேகி. "தன்ர நாட்டு ஆளை அவர் திட்டலாம். நீங்களும் சேர்ந்து திட்டினா கோவம் வராதே?"

மறுநாள் அவன் திருத்திக்கொண்டான்.

"யோசிச்சுப் பார்த்தன் சேர். அருமையான கோச்."

"அருமையா? இந்த வருசம் ஐந்து நாடுகள் போட்டியில் நாலு ஆட்டத்தில் வென்றது ஒன்றுதான்!"

"அப்ப மோசம்தான் சேர்."

"முந்தின கோச் ஒரு வருசம் நாலிலும் தோற்றாரே?"

"அதோட பார்த்தா இவர் அருமை சேர்."

"அவருக்கும் முந்தினவர் சாம்பியன் பட்டமே எடுத்தார்!"

"அதோட பார்த்தா மோசம் சேர்."

கெல்லி தேநீரை அப்படியே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

பிரிஸ்பேனில் முன்பே வென்றிருந்த அயர்லாந்து, சனிக்கிழமை சிட்னியிலும் வென்றது. சிவபாலன் நிம்மதியாக உறங்கினான். திங்கட்கிழமை கெல்லியின் முகம் இன்னும் நீண்டிருந்தது.

"வென்றோம். ஆனால் ஆட்டத்தில் அழகில்லை. கோச் சரியில்லை."

சிவபாலனுக்குள் ஏதோ அறுந்தது.

"உங்களுக்கு என்னதான் வேணும்? தோற்றாலும் குறை, வென்றாலும் குறை! அந்த மனுசன் பாவம். உங்களுக்கு ரக்பியே தெரியாது சேர்!"

கோபத்திலும் 'சேர்' விட்டுப்போகவில்லை.

தட்டச்சு ஓசை நின்றது. கெல்லி தன் அறைக்குப் போனார். தட்டச்சு செய்யும் கிரிஜாவை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

சிவபாலன் தன் அளவுகோல்களையும் சாப்பாட்டுப் பெட்டியையும் பைக்குள் வைத்தான். வைதேகியின் முகம் நினைவுக்கு வந்தது. பையைக் கீழே போட்டான். கிரிஜா வெளியே வந்ததும் உள்ளே பாய்ந்தான்.

"மன்னியுங்கோ சேர். நீங்க சொன்னதெல்லாம் சரி. கோச் மோசம். நான் அதைவிட மோசம்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கெல்லியின் முகம் வாடியது. "கிரிஜா, அந்தக் கடிதம் இப்போதைக்கு வேண்டாம்!" என்று குரல் கொடுத்தார்.

மெட்ராஸ்காரியான கிரிஜா வாசலிலேயே அவனை மறித்தாள்.

"உள்ள போய் என்ன சார் பண்ணித் தொலைச்சீங்க? 'சிட்னிக்கு வந்ததிலேர்ந்து கோச்சைப் பத்திச் சண்டை போட ஒரு ஆள் கிடைக்கலை, இன்னிக்குத்தான் கிடைச்சான், உடனே நிரந்தரமாக்கி லெட்டர் அடி'ன்னார்! நிக்காதீங்க, ஓடிப்போய் இன்னொரு தரம் நல்லாத் திட்டிட்டு வாங்க!"