குனிந்த பிக்கப்

"நாலு விரலு இடிக்குதுங்க," என்றாள் கலா. பிக்கப்பின் பின்பக்கம் ஏறி நின்று, கேபின் கூரைக்கும் கம்பிக்கும் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

மாதப்பன் வண்டியை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் தடுத்து நிறுத்தப்பட்டதாக ஆகிவிடும். நேற்றுச் சாயங்காலம் வரை வெறும் ஆகாயம் இருந்த இடத்தில், எஸ்டேட் ரோட்டின் குறுக்கே மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்த இரும்புக் கம்பி ஒன்று நின்றது. கார் போகும், ஜீப் போகும், ஆட்டோ போகும். மஞ்சக்குட்டைப் பக்கம் இதற்குக் கீழே போக முடியாத வண்டி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அறுபத்தெட்டாம் வருடத்து மாடல், பெயர் மாதப்பன் பிக்கப்.

"ஏனுங்க, மேனேஜரு பங்களா பக்கத்துலதான இருக்குது. ஒரு வார்த்தை கேட்டா பூட்டைத் தொறந்து உட்டுட்டுப் போறாரு."

"கேக்கறதா? முப்பது வருசமா இந்த ரோட்டுல காப்பி மூட்டை ஏத்திட்டுப் போறேன். என்னைக்காச்சும் எவனையாச்சும் கேட்டுருக்கனா?"

ஊருக்குத் தெரிந்தவரை அது உண்மைதான். மாதப்பன் யாரையும் எதையும் கேட்டதில்லை. பெண் கேட்கக்கூட சித்தப்பாவைத்தான் அனுப்பினார். ஹோட்டலில் சாம்பார் தீர்ந்தால் கேட்க மாட்டார். சப்ளையர் தானாகத் திரும்பிப் பார்க்கும்வரை இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இப்படி ஆறிப்போன இட்லிகள் அவர் வாழ்க்கையில் ஏராளம்.

"கேட்டுப் போனா அது அவங்க ரோடு. கேக்காம போனாத்தான் நம்ம ரோடு," என்றார் மாதப்பன். "இன்னைக்கு நான் கேட்டன்னு வெச்சுக்க, நாளைக்கு ஆட்டோக்காரன் கேக்கோணும், அப்புறம் நடந்து போறவன் கேக்கோணும். நம்ம புள்ளைங்க காலத்துல வழியே இருக்காது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுற்றிப் போனால் மெயின் ரோட்டுக்குப் பதினோரு கிலோமீட்டர். முப்பது வருடம் போன வழியில் ஒரு கம்பி வந்து நில் என்று சொல்வதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பதினோரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு ஏற்காட்டில் மெல்வினின் ஒர்க்ஷாப்புக்கே நேராகப் போய் நின்றார்.

"எறக்கிரு," என்றார்.

"என்னத்தைங்கண்ணே?"

"வண்டிய."

மெல்வின் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "அண்ணே, மலையில எல்லாரும் வண்டிய ஏத்திக் கட்டச் சொல்லித்தான் வருவாங்க. பள்ளத்துல கல்லு தட்டுதுன்னு வருவாங்க. எறக்கச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான். பேசாம அந்த மேனேஜர்கிட்ட..."

"நான் குனிய மாட்டேன் மெல்வினு. வண்டி குனியட்டும். வண்டிக்கு ரோசம் கெடையாது."

பின்சக்கரத்துக்கு மேலே அடுக்காகக் கட்டியிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளில் பக்கத்துக்கு மூன்றை உருவி எடுத்தான் மெல்வின். வண்டியின் பின்பாகம் நன்றாகக் கீழே உட்கார்ந்தது. மாதப்பன் திருப்தியோடு ஓட்டிக்கொண்டு வந்து கம்பிக்கு முன்னால் நிறுத்தினார். கலா மறுபடியும் ஏறிக் கையை வைத்தாள்.

"அஞ்சு விரலுங்க."

"அதெப்படி ஏறும்?"

"பின்னாடி எறங்குனா முன்னாடி தூக்காதுங்களா? கேபினு முன்னாடிதானுங்களே இருக்குது."

இறங்கிப் பார்த்தார். குளிரில் குந்தியிருக்கும் நாய் மாதிரி, பிக்கப் மூக்கைத் தூக்கிக்கொண்டு கம்பியையே பார்த்தபடி இருந்தது.

அப்போதுதான் மேனேஜர் ஹரிஹரன் மாலை நடைக்கு வந்தார். சென்னையிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, குல்லாய் புதுசு. பின்னால் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் செல்வராஜ் குடையோடு வந்தார்.

"என்ன மாதப்பன், ப்ராப்ளமா? ஒரு வார்த்தை கேளுங்க, திறந்து விட்டுடறேன். சாவி என் பாக்கெட்லதான் இருக்கு. ஹெட் ஆபீஸ் ஆர்டர், போட்டாச்சு. எதுக்குன்னு எனக்கே தெரியாது."

"நான் உங்களை ஒண்ணுமே கேக்கலீங்களே," என்றார் மாதப்பன். வண்டியைத் திருப்பினார்.

மெல்வின் முன்பக்கத்துப் பட்டைகளையும் உருவினான். இப்போது வண்டி நான்கு பக்கமும் ஒழுங்காகத் தாழ்ந்தது. ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடமில்லாமல் போய்விட்டது. நேராகப் போனால் வண்டி ஒன்றும் சொல்லாது. திருப்பினால் டயர் உரசிப் புகை வரும். ஏற்காட்டில் நேராகப் போகிற ரோடு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு வளைவிலும் முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று நாலு தடவை எடுத்துத் திருப்பினார். பின்னால் வந்த பஸ் டிரைவர் முதல் வளைவில் ஆரன் அடித்தார், இரண்டாவது வளைவில் திட்டினார், மூன்றாவது வளைவில் என்ஜினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"ரெண்டு விரலுங்க," என்றாள் கலா.

"பாத்தியா! பாதி எறங்கிருச்சு."

"ஒரு வார்த்தைக்கு எத்தனை இரும்பைத்தானுங்க களட்டுவீங்க?"

உரசலுக்கும் உயரத்துக்கும் சேர்த்து மெல்வின் ஒரே மருந்தாகக் கொடுத்தான்: பழைய கார் ஒன்றின் சின்னச் சக்கரங்கள். உரசல் நின்றது. ஒரு விரல் குறைந்தது. அதோடு, ஏரிக்கரைப் பக்கத்து வேகத்தடையில் சைலன்ஸரும் கழன்று விழுந்தது. அன்றிலிருந்து மாதப்பன் வருவது வளைவுக்கு வளைவு முன்கூட்டியே தெரிந்தது. வேகத்தடை வந்தால் இறங்கி, இரண்டு பலகையைப் போட்டு, அதன்மேல் ஏற்றி இறக்கி, பலகையை எடுத்து வைத்துக்கொண்டு போனார். பன்னிரண்டு வேகத்தடை. பதினோரு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் கேட்டார்கள், "மாதப்பண்ணே, இதுக்கு மூட்டைய தலையில வெச்சுட்டு நடந்தே போயிரலாமுங்களே?"

"நடக்கலாம். ஆனா கம்பி ஜெயிச்சுருமே," என்றார்.

மீதி ஒரு விரல். கழற்ற இனி வண்டியில் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கலா யாருக்கும் தெரியாமல் பங்களாவுக்குப் போனாள். பலகை எடுத்து எடுத்து மனுசனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"சார், கம்பியத் தொறந்து உட்டுருங்க. நான் கேக்கறனுங்க," என்றாள்.

ஹரிஹரன் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. இத்தனை நாளில் அவருக்கும் இதில் ஒரு ருசி வந்துவிட்டது, அவ்வளவுதான். "நீங்க கேட்டா எப்படிம்மா? உங்க வீட்டுக்காரர் வந்து கேக்கட்டும். உடனே திறந்துடறேன்."

கலா வீட்டுக்கு வந்தாள். மாதப்பன் முதுகில் தைலத்தைத் தேய்த்தாள். வழக்கத்தைவிட அழுத்தமாகத் தேய்த்தாள்.

"ஏனுங்க, நான் போயி கேட்டுட்டு வந்தனுங்க."

மாதப்பன் திரும்ப முயன்றார். இடுப்பு விடவில்லை. "என்ற மானத்த வாங்கிட்டியே புள்ள!"

"வாங்கலீங்க. அந்தாளு குடுக்கவே இல்ல. நான் கேட்டா கேட்டதா ஆவாதாமா. பொம்பளை கேட்டா அதுக்குப் பேரு வேறயாமா?" தைலப் புட்டியை ஓங்கி மூடினாள். "கேட்டது என்ற தப்புத்தானுங்க. வெடியால வண்டிய எடுங்க. அந்த ஒரு விரலை நான் எறக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தால், வண்டியின் பின்தட்டில் பதினாறு பேர், முன்பக்கம் தூக்கிவிடாதபடி கேபினோடு ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு. கலா ஊரில் பார்த்துப் பார்த்து எடை உள்ளவர்களாகத்தான் கூப்பிட்டிருந்தாள். அவள் தங்கை பானுவை ஒல்லி என்று திருப்பி அனுப்பியதில் பானுவுக்கு வருத்தம்; ஒரு மூட்டை மிளகைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஏறிக்கொண்டாள். முன்னும் பின்னும் ஒன்றாகப் பிக்கப் ஒரு முனகலோடு உட்கார்ந்தது.

கம்பிக்குக் கீழே நடை வேகத்தில் விட்டார் மாதப்பன். கேபின் கூரைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி நுழையும் இடம். முன்கண்ணாடி கம்பியைத் தாண்டிவிட்டது. கூரையும் பாதி தாண்டிவிட்டது. பின்னால் நின்றவர்கள் கம்பிக்காகத் தலையைத் தாழ்த்த வேண்டாம், உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று கலா சத்தம் போட்டாள்.

"ஸ்டாப்!" ஹரிஹரன் ஓடி வந்தார், கையில் போன். "சரக்கு வண்டியில ஆள் ஏத்தறது சட்டப்படி குத்தம். போட்டோ எடுத்து போலீசுக்கு அனுப்பறேன். ஒவ்வொருத்தர் மூஞ்சியும் தெளிவா விழுது!"

பதினாறு பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள். பாரம் இறங்கியதும் பிக்கப் பெருமூச்சு விட்டு எழுந்தது. 'கிறீச்' என்று ஒரு சத்தம். கூரை கம்பியில் சிக்கிக்கொண்டது. இப்போது முன்னேயும் போகாது, பின்னேயும் வராது.

ஹரிஹரன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து விரலில் மாட்டிச் சுழற்றினார். "இப்பவாவது கேளுங்க மாதப்பன். ஒரே வார்த்தை."

மாதப்பன் கதவைத் திறந்து இறங்கினார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் கீழே குனிந்து ஒரு சின்னக் குச்சியைப் பொறுக்கினார். முன் டயரின் வால்வில் வைத்து அழுத்தினார்.

புஸ்ஸ்ஸ் என்று காற்று இறங்கியது. கலாவும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பின் டயருக்குப் போனாள். நான்கு டயரும் தரையோடு தரையாகப் படிந்தன. கம்பி கூரையை விட்டது.

"தள்ளுங்க!" என்றாள் கலா. "தள்ளறதுக்குச் சட்டம் ஒண்ணும் கெடையாது!"

பதினாறு பேரும் தள்ளினார்கள். பிக்கப் நொண்டி நொண்டிக் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. மஞ்சக்குட்டையில் விசில் அடிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் விசில் அடித்தார்கள். மாதப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை, வரட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு கார் வந்து ஆரன் அடித்தது.

ஹரிஹரன் முகம் வெளுத்தது. சென்னையிலிருந்து முதலாளியம்மா வருகிற நாள் அது. ரோடு ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் காப்பிச் சரிவு. நடுவில் காற்றில்லாத நாலு டயரோடு பிக்கப்.

"மாதப்பன், வண்டிய ஓரம் எடுங்க."

மாதப்பன் சரிவில் இருந்த காப்பிச் செடியைப் பார்த்தார்.

"சீக்கிரம் எடுங்க மாதப்பன், அம்மா வெயிட் பண்றாங்க."

"நல்லா காய்ச்சிருக்குதுங்க இந்த வருசம்," என்றார் மாதப்பன் செடியிடம்.

கார் மறுபடியும் ஆரன் அடித்தது. ஹரிஹரன் குல்லாயைக் கழற்றினார். "ஏங்க, தயவு செஞ்சு எடுங்க. கேட்டுக்கறேன்."

"கேக்கறீங்களா?"

"கேக்கறேங்க."

"எல்லாரும் காதுல வாங்கிக்கங்க!" மாதப்பன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இந்த ரோட்டுல போறதுக்கு எஸ்டேட்டு நம்மளக் கேக்குது. அப்ப இது யாரு ரோடு?"

"நம்ம ரோடு!" என்று பதினாறு பேரும் கத்தினார்கள். பானு மிளகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கை தட்டினாள். மாதப்பன் தலையை அசைத்தார். ஆட்கள் பிக்கப்பைப் பாதி மண் மேட்டின்மேல் ஏறும்படி தள்ளி, கார் வருவதற்கு வழி விட்டார்கள்.

கார் நகரவில்லை. கதவு திறந்து முதலாளியம்மாவே இறங்கி வந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கம்பியைப் பார்த்தார், கீறல் விழுந்த கூரையைப் பார்த்தார், தரையில் படுத்திருந்த டயர்களைப் பார்த்தார்.

"ஊர்க்காரங்க காலங்காலமா போற வழியாச்சே. நடுவுல எதுக்கு இந்தக் கம்பி? யாரு போடச் சொன்னது?"

"ஹெட் ஆபீஸ் ஆர்டர் மேடம்," என்று ஹரிஹரன் முனகினார். "ரைட்டர்கிட்ட பைல் இருக்கும்."

மாதப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, அத்தனை பேர் முன்னால், எஸ்டேட்டிடம் அவரே ஒன்றைக் கேட்டார்.

"நல்லாக் கேளுங்கம்மா! எந்தப் புத்தி கெட்டவன் போடச் சொன்னான்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகோணும். ஏனுங்க ரைட்டரே, சொல்லுங்க, யாருங்க அவன்?"

ரைட்டர் செல்வராஜ் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, டூரிஸ்ட் பஸ்ஸு உங்க மாட்டுக் கொட்டாயை இடிச்சுப்போட்டுதுன்னு, 'இனி ஒசரமான வண்டி ஒண்ணுகூட இந்த ரோட்டுல வரப்படாது, குறுக்க ஒரு கம்பி போட்டுக் குடுங்க'ன்னு கையெழுத்துப் போட்டுக் கேட்டது நீங்கதானுங்களே, மாதப்பண்ணே!"