இடாப்பில் ஏறாத போடியார்

“போடியார் எண்டு ஒரு சொல் இந்தச் சட்டப் புத்தகத்தில இல்லையே” என்றார் கனகரெத்தினம்.

வயல் முதலாளியைப் போடியார் என்று அழைக்கும் ஊர் அது. மர்சூக் சிரித்தார். அரசாங்கக் கச்சேரி ஆட்கள் வந்த முதல் நாளில் இப்படித்தான் பகிடி விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“நல்லாப் பாருங்க ஐயா. எங்கயாச்சும் ஒரு மூலையில இரிக்கும்.”

“பாத்துட்டன். முப்பத்தாறு சொல் இரிக்கு. ஒவ்வொண்டுக்கும் விளக்கமும் இரிக்கு. போடியார் மட்டும் இல்ல.”

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு சிறுபோக விதைப்பு தொடங்கும் நேரம் அது. புதிய நெற்காணிச் சட்டப்படி ஒவ்வொரு வயல் கண்டத்துக்கும் ஒரு பயிர்ச்செய்கைக் குழு தெரிவு செய்ய வேண்டும். அதற்கு முதல் அந்தக் கண்டத்து ஆட்களை இடாப்பில், அதாவது பெயர்ப் பதிவேட்டில், பதிய வேண்டும். பதிவதற்காகத்தான் கனகரெத்தினம் மட்டக்களப்புக் கச்சேரியிலிருந்து மூன்று நாளைக்குச் சாய்ந்தமருதுக்கு வந்திருந்தார். இடாப்பில் பெயர் இல்லாதவர் குழுவுக்கு நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதல் இடாப்பு மூடப்படும்.

மர்சூக்குக்கு அந்தக் குழுவின் தலைவராக வேண்டும். அதற்காகவே பதிவைத் தன் வீட்டு மண்டபத்தில் நடத்தும்படி கேட்டு, ஐயாவுக்குச் சாய்மனைக் கதிரையும் போட்டு, இடாப்பின் முதலாம் இலக்கம் தன்னுடையதாக இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்.

காரணம் பதவி ஆசை மட்டுமல்ல. அவர் மருதமுனைக்காரர், தறிக்காரக் குடும்பம். இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவர். வந்து இருபது வருடமாகியும், அவர் யாரென்று ஒருவர் கேட்டால் மற்றவர் “றுகையாட மாப்புள” என்றுதான் சொன்னார். முகத்துக்கு நேரே போடியார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம் வந்துவிட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும் என்று அவர் நம்பினார். உள்ளுக்குள் அது அவருக்கு மிகவும் வலித்த விஷயம். யாரிடமும் சொன்னதில்லை.

“சரி, போடியாரை விடுங்க. காணிக்காரன் எண்டு எழுதுங்க” என்றார்.

கனகரெத்தினம் புத்தகத்தின் ஏட்டைத் திருப்பினார். அவர் நல்ல மனிதர். ஆனால் அச்சடித்த எதையும் மீற மாட்டார். “காணி உரிமையாளர். அதாவது, உறுதிப் பத்திரத்தில் எவருடைய பெயர் உள்ளதோ அவர். உறுதியைக் காட்டுங்க.”

உறுதி உள்ளறைப் பெட்டகத்திலிருந்து வந்தது. கனகரெத்தினம் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். பன்னிரண்டு ஏக்கரும் றுகையாவின் பெயரில், சீதனமாக.

“புருசன்ட பேரும் பொஞ்சாதிட பேரும் ஒண்டுதானே ஐயா?”

“புத்தகத்தில அப்பிடி இல்ல.”

மர்சூக் எழுந்து உள்ளே போனார். றுகையா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி, ஒரு வாரத்துக்கு மட்டும் காணியைத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி கேட்டார்.

“எழுதித் தாறதுக்கு எனக்குத் தடை ஒண்டுமில்ல” என்றாள் றுகையா, மீனை விட்டு நிமிராமலே. “ஆனா நாலு ஏக்கர் ஜுனைதாட பேருக்குப் போய் ரெண்டு வருசமெலுவா? நீங்கதானே சாட்சிக் கையெழுத்து வெச்ச.”

மகள் ஜுனைதாவின் கலியாணப் பேச்சு நடந்த காலத்தில் அவர் நிறையக் கையெழுத்து வைத்திருந்தார். இது அதில் ஒன்று.

மண்டபத்தில் இருந்த கனகரெத்தினத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். மர்சூக் திரும்பி வந்தபோது இடாப்பின் முதலாம் இலக்கத்தில் றுகையாவும் இரண்டாம் இலக்கத்தில் ஜுனைதாவும் ஏறியிருந்தார்கள். மை இன்னும் காயவில்லை.

“நீங்க கேக்காமலே எழுதிட்டீங்களே ஐயா!”

“உரிமையாளர் தெரிய வந்தா உடனே பதிய வேணும் எண்டு இரிக்கு.”

மர்சூக் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு யோசித்தார். “வேற என்ன சொல்லெல்லாம் இரிக்கி?”

“பயிர் செய்பவர். அதாவது, தன் கையால் உழுது விதைத்து அறுப்பவர். காணி ஆருட பேரில இருந்தாலும் காரியமில்ல.”

“அது நான்தான்” என்றார் மர்சூக்.

உள்ளே மீன் வெட்டும் சத்தம் ஒரு கணம் நின்றது.

“நல்லது. நாளைக்குக் காலையில வயலுக்கு வாறன். நீங்க உழுறதைப் பாத்துப் பதியிறன்” என்றார் கனகரெத்தினம்.

மறுநாள் வியாழக்கிழமை, விடிந்ததும் மர்சூக் வயலில் நின்றார். சாரனை மடித்துக் கட்டி, தலையில் துண்டு கட்டியிருந்தார். துண்டு புதிது, மருதமுனைத் தறியில் நெய்தது. முல்லைக்காரன் கதிர்காமன் வரம்பில் நின்று அதைப் பார்த்தார். சொறிக்கல்முனையிலிருந்து வந்து, வயலில் வாடி போட்டுத் தங்கி, இந்தப் பன்னிரண்டு ஏக்கரையும் இருபது வருடமாகப் பார்த்து வருபவர் அவர்.

“கதிர்காமன், இண்டைக்கு நீ ஒண்டும் செய்யப்படாது. ஒண்டும் கதைக்கவும் படாது. சும்மா நில்லு.”

“ஓம் போடியார்” என்றார் கதிர்காமன். பிறகு, மனம் கேட்காமல், “அந்தக் கொம்பு வளைஞ்ச எருமைக்கு மட்டும் பின்னால நிக்காதீங்க” என்றார்.

சேறு மிதிக்க எட்டு எருமைகள் கட்டப்பட்டிருந்தன; அங்கே உழவு அப்படித்தான். கனகரெத்தினம் குடையும் இடாப்புமாக வரம்பில் வந்து நின்றதும் மர்சூக் கம்பை ஓங்கி ஒரு சத்தம் போட்டார். எருமைகள் அவரைப் பார்த்தன. பிறகு கதிர்காமனைப் பார்த்தன. கதிர்காமன் வானத்தைப் பார்த்தார். இரண்டு எருமைகள் சேற்றில் படுத்தன.

மர்சூக் இன்னும் உரக்கக் கத்தினார். கொம்பு வளைந்ததன் முதுகில் ஒரு தட்டும் தட்டினார். அது புறப்பட்டது. மற்றவையும் எழுந்து அதன் பின்னால் புறப்பட்டன. ஆனால் வட்டமாகச் சுற்றவில்லை. நேரே போய், வரம்பை உடைத்து, அப்துல் கபூர் முந்தின நாள் விதைத்திருந்த வயலுக்குள் இறங்கின. கயிற்றை விடாமல் பிடித்திருந்ததால் மர்சூக்கும் இறங்கினார், முக்கால்வாசித் தூரம் வயிற்றால் இழுபட்டபடி.

அப்துல் கபூர்தான் குழுத் தலைமைக்கு நிற்கும் மற்றவர். அவரிடம் சொந்தமாக விலைக்கு வாங்கிய இரண்டு ஏக்கர் இருந்தது. இப்போது அந்த இரண்டு ஏக்கரில் ஒன்றில் எட்டு எருமைகளும் மர்சூக்கும் இருந்தார்கள்.

கதிர்காமனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. தொண்டைக்குள் மெல்ல ஒரு சத்தம் போட்டார். எட்டு எருமைகளும் திரும்பி, வந்த வழியே வந்து, வயலில் இறங்கி, ஒழுங்காகச் சுற்றத் தொடங்கின.

கனகரெத்தினம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினார். மர்சூக் சேற்றோடு வரம்பில் ஏறி எட்டிப் பார்த்தார். *மூன்றாம் இலக்கம். பயிர் செய்பவர்: கதிர்காமன். குறிப்பு: உழவுக்கு ஓர் ஆளால் தடங்கல் ஏற்பட்டது.*

“அந்த ஓர் ஆள் நானா?”

“பெயர் போடல்ல” என்றார் கனகரெத்தினம் ஆறுதலாக.

வீட்டுக்கு வந்தபோது அப்துல் கபூரின் கோபமும் அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. றுகையா அலட்டிக்கொள்ளவில்லை. முளை கட்டிய விதைநெல்லில் இரண்டு மரைக்கால் அளந்து அப்துல் கபூர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கணவருக்குக் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

பின்னேரம் தேநீரோடு கனகரெத்தினம் மறுபடியும் புத்தகத்தைத் திறந்தார். மர்சூக்கின் முகத்தைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

“அரசாங்கம் நெல் வாங்குற உத்தரவாத விலை எண்டு ஒண்டு இரிக்கு. அது ஆள் இல்ல” என்று பக்கத்தைப் புரட்டினார்.

உள்ளறை வாசலில் திரைச்சீலை அசைந்தது. அன்னிய ஆண் முன்னால் வராவிட்டாலும் றுகையாவுக்குக் கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரியும். “ஐயா, ஒரு புசல் நெல்லுக்குப் பன்ரெண்டு ரூவாதானே? ஈரம் காயாத நெல்லையும் எடுப்பாங்களா, திருப்பி அனுப்புவாங்களா?”

“காய வெச்சுத்தான் குடுக்கணும் உம்மா.”

“அப்ப மழைக்கு முதல் வெட்டுற மாதிரி விதைக்கணும்” என்றது திரைச்சீலை.

“றுகையா, ஆம்புளையள் கதைக்கக்குள்ள சும்மா இரி புள்ள” என்றார் மர்சூக். “நீங்க பாருங்க ஐயா.”

“விவசாயத் தொழிலாளி. நாட்கூலிக்கு வேலை செய்பவர்.”

“வேணாம்.”

“இடைத்தரகர். தான் விளைவிக்காமல், விளைவிப்பவரிடம் வாங்கி விற்பவர். கல்முனைச் சந்தைக்கு நெல்லை நீங்கதானே கொண்டுபோற?”

“ஐயா! இடைத்தரகன் எண்டு பேரெடுத்துட்டு நான் எந்த மூஞ்சோட பள்ளிவாசலுக்குப் போற?”

கனகரெத்தினம் இன்னும் நாலு பக்கம் தள்ளினார். முகம் சட்டென்று மலர்ந்தது. “இந்தா, உங்களுக்குச் சரியான சொல் ஒண்டு. ஒருத்தரும் மறுக்க ஏலாது. நுகர்வோர்.”

மர்சூக் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்க மதிப்பாகத்தான் இருந்தது. “அதென்ன?”

“சாப்பிடுறவர்.”

திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது. ஜுனைதாவாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று மர்சூக் சரியாகச் சாப்பிடவில்லை. நுகர்வோர் என்ற பெயரையும் இழந்துவிடுவார் போலிருந்தது. “இருவது வருசம் றுகையா” என்றார் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்து. “இருவது வருசமா இந்த வயலுக்கு நான்தான் போடியார். ஒரு சொல்லு இல்லயாம் எனக்கு.” றுகையா கோப்பையை அவர் பக்கம் மறுபடியும் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை காலை கனகரெத்தினம் இடாப்பைக் கட்டி வைக்கும் நேரம், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரலால் நெம்பிப் பிரித்தார். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பக்கம் அது.

“போடியார், ஓடி வாங்க! முகாமையாளர். உரிமையாளருக்காக, எப்போது விதைப்பது, எப்போது நீர் விடுவது, எப்போது வெட்டுவது என்பவற்றைத் தீர்மானிப்பவர். இவரும் குழுவுக்கு நிக்கலாம் எண்டு போட்டிரிக்கு!”

தொழுகைக்கு வுழூச் செய்துகொண்டிருந்த மர்சூக் ஈரக் கையோடு வந்தார். “இதானே நான்! இதானே ஐயா இவ்வளவு நாளா நான் சொல்ற! வயலில எது நடந்தாலும் கதிர்காமன் இந்த மண்டபத்துக்கு வந்து என்னக் கேக்காமச் செய்றதில்ல. போடியார், புதன்கிழமை விதைப்பமா எண்டு கேப்பான். ஓம், விதை எண்டு நான் சொல்லுவன். சொன்னாத்தான் விதைப்பு. இருவது வருசத்தில ஒரு போகமும் பிழைக்கல்ல. கேட்டுப் பாருங்க ஊர!”

“ஊர் வேணாம். பதிவுள்ள பயிர் செய்பவர் ஒருவர் சாட்சி சொன்னாப் போதும்.”

கதிர்காமன் கூப்பிடப்பட்டார். மண்டபத்துப் படியில் நின்று, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அரசாங்கப் புத்தகத்துக்கு முன்னால் நிற்பது அவருக்கு இதுவே முதல் தடவை. பொய் சொன்னால் அது எப்படியோ கண்டுபிடித்துவிடும் என்று அவர் நம்பியதாகத் தெரிந்தது.

“பயப்பட வேணாம். எது செய்யிறதெண்டாலும் போடியாரைக் கேட்டுத்தானா செய்யிற நீங்க?” என்றார் கனகரெத்தினம்.

“ஓம் ஐயா. ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான்.”

மர்சூக்கின் நெஞ்சு நிறைந்தது. கண் கூடக் கலங்கியது. கனகரெத்தினம் பேனாவை மையில் தோய்த்து, நாலாம் இலக்கத்தில் *முகாமையாளர்* என்று அழகாக எழுதி, பெயரை எழுதும் முன் விதிப்படி கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியையும் கேட்டார்.

“எண்டைக்காவது அவர் வேணாம் எண்டு சொல்லி, நீங்க நிப்பாட்டினது இரிக்கா?”

கதிர்காமன் தலையைச் சொறிந்தார். திரைச்சீலையைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

“அதுக்கு இடமே வரல்ல ஐயா. எல்லாத்தையும் அடுக்களை வாசல்ல உம்மா முடிவாச் சொல்லிப்போட்டுத்தானே, ‘போடியாரிட்டயும் ஒருக்காக் கேட்டுட்டுப் போ, அவருக்கும் மனசிரிக்கெலுவா’ எண்டு இஞ்சால அனுப்புற.”