படகுக்காரனுக்கு அடித்த மணி

மனித இனம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அந்தக் களைப்பு தீரச் சில ஆயிரம் ஆண்டுகள் ஓய்வெடுத்துவிட்டு, ‘ஏழாம் கணவாய்’ என்ற வீடியோ கேமைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டிலும் குறைகள் உண்டு. நெருப்பு சுடும், சக்கரம் ஏறினால் கால் நசுங்கும். ‘ஏழாம் கணவாய்’ மட்டும் பாகத்துக்குப் பாகம் திருத்தப்பட்டு, பதினோராம் பாகத்தில் யாருக்கும் எந்தத் துன்பமும் தராத நிலையை எட்டிவிட்டது. பன்னிரண்டாம் பாகத்தில் அது பூரணத்துவம் அடையவேண்டும் என்று நிறுவனத்தில் முடிவாகியிருந்தது. பூரணத்துவத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு படகுக்காரன் துடுப்போடு நின்றுகொண்டிருந்தான்.

அவனை எழுதியவர் கதைக்காரர். நிறுவனத்தில் அவருடைய பதவிக்கு மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான பெயர் உண்டு என்றாலும், எல்லாரும் ‘கதை’ என்றே அழைத்தார்கள். “கதை வந்துட்டாரா?” “கதைக்கு இன்னிக்கு ஜலதோஷம்.” முதல் பாகத்தைச் செய்தவர்களில் வேலையில் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். கேமுக்குள்ளும் முதல் பாகத்திலிருந்து மாறாமல் மிச்சமிருந்தவன் படகுக்காரன் ஒருவன்தான். இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கரையேறாமல் இருந்தார்கள்.

அந்த முதல் பாகம் எவ்வளவு பிற்போக்கானது என்பதை இன்றைய தலைமுறை நம்பாது. விளையாட உட்காருகிறவர் தன் வீரனுக்கு ஒரு பேர் வைக்கவேண்டும். உடனே அவனைக் காட்டில் தனியாக விட்டுவிடுவார்கள். வரைபடம் கிடையாது. மரம்வெட்டியிடம் வழி கேட்டால் கிழக்கே கையைக் காட்டுவான். அவன் மனைவி மேற்கே காட்டுவாள். யாரை நம்புவது என்பதுதான் முதல் சோதனை. இருவரையும் நம்பாதவர்கள் சதுப்பில் விழுந்து செத்தார்கள்.

பிழைத்தவர்கள் ஆற்றங்கரைக்கு வருவார்கள். படகுக்காரன் கூலி கேட்பான். வீரனிடம் இருப்பது மூன்றே பொருள்: அப்பாவின் வாள், கடைசி ரொட்டி, அவனுடைய பேர். வாளைக் கொடுத்தால் சண்டையில் சாவான், ரொட்டியைக் கொடுத்தால் பசியில் சாவான். பேரைக் கொடுத்தால் சாகமாட்டான். ஆனால் அதற்குப் பிறகு கேம் முழுக்க யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். கூடப்பிறந்த தங்கையே கதவைத் திறந்து, “யாருங்க நீங்க?” என்பாள். எல்லாம் பட்டு, கணவாயையும் தாண்டிக் கடைசியாக ஒரு கரைக்கு வந்தால், அங்கே அதே படகுக்காரன் உட்கார்ந்திருப்பான். “இந்தா உன் பேரு. நனையாம வச்சிருந்தேன்” என்று நீட்டுவான். அந்த ஒரு வரிக்கு, வளர்ந்த ஆட்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள்.

சிந்திய மூக்குகளில் ஒன்று கதைக்காரரின் மைத்துனனுடையது. அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன். விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். படகுக்காரனிடம் பேரைக் கொடுத்தவன், அதற்குப் பிறகு வீட்டிலும் யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

“அந்தப் பேரு இப்ப என்கிட்ட இல்லக்கா. படகுக்காரன்கிட்ட இருக்கு.”

“அப்ப சாப்பாடும் அவன்கிட்டயே கேளு” என்றாள் அக்கா.

அப்படியே பட்டினி கிடந்து, கேமை முடித்து, பேரை வாங்கிக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தான். அந்தப் பையன்தான் இன்று நிறுவனத்தின் சுக அதிகாரி. உலகத்தில் யாருக்கும் அந்தக் கஷ்டம் வரக்கூடாது என்பதே அவருடைய பணி. வீட்டில் கதைக்காரரை ‘அத்தான்’ என்பார். ஆபீசில் ‘சார்’ என்பார். கதைக்காரரும் வீட்டில் ‘மச்சான்’ என்பார். ஆபீசில் ‘சார்’ என்று சொல்லி எழுந்தும் நிற்பார்.

சுக அதிகாரியின் கையில் தொடர் அடைந்த முன்னேற்றத்தைச் சொல்லி மாளாது. வரைபடம் அவருக்கு முன்பே வந்துவிட்டது. அதைப் பார்ப்பது சிரமம் என்று அவர் வீரன் தலைக்கு மேலே ஓர் அம்புக்குறியைத் தொங்கவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்குமே என்று, அடுத்த பாகத்தில் தரையிலேயே பொன்னிறக் கோடு போட்டார். கோட்டின்மேல் நடப்பானேன் என்று ஒரு குதிரை வந்தது. அது தானே போகும், தானே நிற்கும். குதிரை போகும்போது விளையாடுகிறவருக்குப் பொழுது போகவேண்டும் அல்லவா? குதிரைக்குத் தொப்பி விற்கும் கடை திறந்தார்கள். ஒன்பதாம் பாகத்தில் ஆயுதங்களைவிடத் தொப்பிகள் அதிகம். வழி சொல்லும் வேலை போய்விட்ட மரம்வெட்டியையும் அவன் மனைவியையும் அந்தக் கடையிலேயே விற்பனையாளர்களாக அமர்த்தினார்கள். அதன் பிறகு இருவரும் ஒரே திசையைத்தான் காட்டினார்கள்: கல்லாப்பெட்டி. பதினோராம் பாகத்தில் சண்டைகளும் தாமாகவே நடந்து முடிந்தன. கொடுங்கோல் அரசன், வீரனைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு அரண்மனையைச் சுற்றிக் காட்டினான்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிட்டது என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். கட்டெறும்புக்கும் தொப்பி உண்டு என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

இத்தனைக்கும் ஆதாரம் ‘நெற்றி அறை’. ஒரு சோபா, ஒரு பெரிய திரை, திரைக்கு மேலே ஒரு காமிரா. வெளியாட்களை வரவழைத்து உட்காரவைத்து விளையாடச் சொல்வார்கள். காமிரா அவர்களுடைய நெற்றியை மட்டும் பார்க்கும். நெற்றி சுருங்கினால் பக்கத்து அறையில் மணி அடிக்கும். மணி அடித்த இடம் ‘உறுத்தல்’ என்று குறிக்கப்பட்டு, புதன்கிழமைக் கூட்டத்தில் நீக்கப்படும். விவாதம் கிடையாது. “மணி சொல்லிடுச்சு” என்பார்கள், அவ்வளவுதான். ஒருமுறை ஏசி அதிகமாகி, விளையாட வந்த தையல்காரர் குளிரில் நெற்றியைச் சுருக்கினார். மறு புதன்கிழமை ஒரு பனிமலைத் தொடர் முழுவதும் கேமிலிருந்து நீக்கப்பட்டது. அதை வரைந்த ஓவியர் வேலையை விட்டுப் போனார். மணி மட்டும் போகவில்லை.

பன்னிரண்டாம் பாகத்துக்காகப் படகுக்காரனை நெற்றி அறைக்குக் கொண்டுவந்த நாளில், கதைக்காரர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மணி அடிப்பதைக் குறித்துக்கொள்ளும் மணிக்காரரோடு நின்றார். சோபாவில் இருந்தவர் பஸ் ஓட்டும் ஒரு பெண்மணி. தொப்பிக் கடைவரை அவர் நெற்றி மாவு பிசைந்து தட்டியதுபோல வழுவழுவென்று இருந்தது. படகுக்காரன் கூலி கேட்டான். மணி அடித்தது. அந்த அம்மா கையிலிருந்த கருவியை மடியில் வைத்துவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி நிற்கவில்லை.

“பாவம் சார், எப்படி வேதனைப்படறாங்க பாருங்க” என்றார் மணிக்காரர்.

கதைக்காரருக்கு வெகுநாள் கழித்து மனம் நிறைந்திருந்தது. வெளியே வந்த பெண்மணி அவரிடம் கேட்டார்: “ஏங்க, அவன் கடைசில பேரைத் திருப்பிக் குடுப்பானா? இருங்க, சொல்லிடாதீங்க. நானே பாத்துக்கறேன்.” இது எங்கும் பதிவாகவில்லை. காமிராவுக்கு நெற்றி தெரியும், வாய் தெரியாது.

புதன்கிழமை வந்தது.

“மணி சொல்லிடுச்சு” என்றார் சுக அதிகாரி.

“சார், அவங்க கஷ்டப்படல. யோசிச்சாங்க” என்றார் கதைக்காரர்.

“யோசிச்சா நெத்தி சுருங்குமா, சுருங்காதா?”

“சுருங்கும்.”

“கஷ்டப்பட்டா?”

“அப்பவும் சுருங்கும்.”

“அப்ப ரெண்டும் ஒண்ணுதானே சார்?”

விளம்பரத் தலைவி குறுக்கிட்டார். “யோசிக்கிற நேரத்துல ஒரு தொப்பிகூட விக்கல சார்.”

சுக அதிகாரி கல்நெஞ்சர் அல்ல. ஒரு சமரசம் சொன்னார். “படகுக்காரன் இருக்கட்டும். கேள்வி மட்டும் வேணாம்.”

“கேள்வி கேக்காத படகுக்காரன் எதுக்கு சார்?”

“நல்ல பாயின்ட். எதுக்கு? ஒரு பாலம் போட்டுடலாம்.”

“பாலத்துல குதிரை ஏறி இறங்கும்போது தொப்பி விழுந்துடும்” என்றார் விளம்பரத் தலைவி.

“அப்ப ஆறே வேணாம்.”

‘ஆறு, அதன் இரு கரைகள், அதிலுள்ள நீர் ஆகியன பயனாளர் நலன் கருதி விலக்கிக்கொள்ளப்படுகின்றன’ என்று தீர்மானம் எழுதப்பட்டது. ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யார் நான் யார் என்பார்கள். இங்கே ஆற்றையே எடுத்துவிட்டதால் அந்த வம்பும் இல்லை.

கதைக்காரர் எழுந்தார். இருபத்தைந்து வருட உழைப்பில் அவர் எழுதி, இன்னும் யாராவது நின்று பார்க்கிற ஒரே இடம் அது. அதுவும் போனால் தொப்பிகளுக்குப் பேர் வைப்பதுதான் அவர் வேலை.

“சார், ஒரே ஒரு வேண்டுகோள். நீங்க நெத்தி அறையில உக்காந்து அந்த இடத்தை ஒரு தடவை விளையாடணும். அப்புறம் எடுக்கறதுன்னா எடுத்துடுங்க. நான் வாயே திறக்கல.”

சுக அதிகாரி அந்தச் சோபாவில் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. உட்கார்ந்தார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கூடினார்கள். திரை பேரைக் கேட்டது; தட்டெழுதினார். காடு வந்தது, ஆறு வந்தது. “என்ன குடுப்ப?” என்றான் படகுக்காரன். மணி அடிக்கத் தொடங்கியது. சுக அதிகாரி வாளைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார், மறுபடியும் வாளைப் பார்த்தார். பிறகு பேரைக் கொடுத்தார். கதைக்காரர் அந்த நெற்றியில் தன் வீட்டுப் பின்னறையில் பட்டினி கிடந்த பையனைப் பார்த்தார். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மணிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அங்கே சுக அதிகாரி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

வெளியே வந்து கதைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அத்தான்...” என்றார். ஆபீசில் அவர் வாயில் அந்தச் சொல் வந்தது அதுவே முதல்முறை. படகுக்காரன் பிழைத்துவிட்டான் என்று கதைக்காரருக்கு நிச்சயமாகிவிட்டது.

சுக அதிகாரி மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “நெஞ்சே அடைச்சுப் போச்சு. இத்தனை அனுபவம் உள்ள எனக்கே இப்படின்னா, ஜனங்க எப்படித் தாங்குவாங்க? எடுத்துடுங்க.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தார். “இன்னொண்ணு. பேரைக் கேட்டப்பவே எனக்கு நெத்தி, மணிக்குக்கூடத் தெரியாம, லேசா சுருங்குச்சு. அதையும் எடுத்துடுங்க. எல்லாரையும் ‘வீரரே’ன்னு கூப்பிட்டாப் போதும்.”

கதைக்காரர் சொன்ன சொல் தவறாமல் வாயைத் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் பாகத்தின் வெளியீட்டு விழா வெகு விமரிசையாக நடந்தது. ஊழியர்கள் குடும்பத்தோடு அழைக்கப்பட்டிருந்தார்கள். அரங்கின் நடுவே சோபா, திரை, காமிரா, மணி எல்லாம் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. நாள் முழுக்க ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை. ஒவ்வொரு மணிநேரத்துக்கும் இதை அறிவித்துக் கைதட்டினார்கள். கதைக்காரரின் நீண்டகாலச் சேவையைப் பாராட்டி ஒரு கேடயம் கொடுத்தார்கள். கனமான கேடயம். அதில் ‘அன்பார்ந்த வீரருக்கு’ என்று பொறித்திருந்தது.

கதைக்காரரின் மனைவி சோபாவில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினாள். குதிரை போயிற்று. தொப்பி மாறிற்று. அரசன் மன்னிப்புக் கேட்டான். ‘வாழ்த்துகள் வீரரே’ என்றது திரை. பக்கத்தில் பெருமையோடு நின்ற தம்பியை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன்டா, படகுக்காரன் எங்க?”

“அவன் ஜனங்களை ரொம்பப் படுத்தறான்க்கா.”

“என் பேரைக்கூடக் கேக்கல?”

“எல்லாருமே வீரர்தான்க்கா. பேரெல்லாம் கேட்டாச் சிரமம்.”

அவள் கணவரின் கையிலிருந்த கேடயத்தை வாங்கிப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு தம்பியிடம் திருப்பி நீட்டினாள்.

“அவன் கேட்டுட்டுத்தான்டா எடுத்தான். எடுத்ததைத் திருப்பியும் குடுத்தான். நீ?”

சுக அதிகாரியின் நெற்றி சுருங்கியது. காமிரா தன் கடமையைச் செய்தது. அரங்கம் முழுக்கக் கேட்கும்படி மணி அடித்தது.

அடுத்த புதன்கிழமைக் கூட்டத்தில் அந்த உறுத்தல் தீவிரமாக ஆராயப்பட்டது. அக்காதான் உறுத்தல் என்று கண்டறியப்பட்டது. இனிமேல் விழாக்களுக்கு வீட்டு மனிதர்களை அழைப்பதில்லை என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். மணி சொல்லிவிட்டதே, வேறென்ன செய்யமுடியும்?