குடிநீர் அலுவலகத்தில் தண்டால் தேர்வு

நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெரியவன்தான். சக்கரத்தைக் கண்டுபிடித்தவனையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு குடிநீர் அலுவலகத்தில், வேலை நேரத்தில், எல்லோரும் குப்புறப் படுத்து எழ வேண்டும் என்று கண்டுபிடித்த மனிதருக்கு முன்னால் அவர்கள் இருவரும் கடைநிலை ஊழியர்கள்.

அந்த மாமனிதர், அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தலைமை அதிகாரி. வந்த அன்றே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குழாய் இணைப்பு கேட்டு வந்தவர்களின் வரிசை வாசற்படியைத் தாண்டி நின்றுகொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. ஊழியர்களின் வளைந்த முதுகுகள்தான் பட்டன. பார்த்தவர் உள்ளம் உருகிப் போனார்.

"முதுகு நேரா இல்லாத ஆபீஸ்ல நிர்வாகம் எப்படிங்க நேரா இருக்கும்?" என்று கேட்டார். கேள்வி ஆழமானது என்பதால் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மறுநாளே உத்தரவு வந்தது. முறைப்படி ஒரு தண்டாலாவது எடுக்கத் தெரியாதவர் நகரப் பணிக்குத் "தகுதியற்றவர்". மாதக் கடைசியில் தேர்வு. தோற்பவர் மலையடி நீரேற்று நிலையத்துக்கு மாற்றப்படுவார்.

அந்த நிலையத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காக்கை அங்கே போவதானால் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். பேச்சுத் துணைக்கு ஒரு மோட்டார் இருக்கிறது. அதுவும் பாதி நாள் பேசாது.

உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தார் ஒருவர். இணைப்புப் பிரிவு எழுத்தர். அலுவலகத்தில் அவருக்கு "மெத்தை" என்று பெயர். உடம்பு அப்படி, குணமும் அப்படித்தான். யார் வந்து எங்கே குத்தினாலும் உள்வாங்கிக்கொள்வார், சத்தம் வராது. வீட்டு முன்னறையில் அவர் மனைவி தையற்கடை வைத்திருந்தாள். இப்போதுதான் அக்கம்பக்கத்தார் துணி கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். கடையை மூடிவிட்டு மலையடிக்குப் போனால் யாருக்குத் தைப்பது? மோட்டாருக்கா? அவர் மட்டும் தனியாகப் போனாலோ, அவருக்குச் சமைக்கத் தெரிந்தது வெந்நீர் ஒன்றுதான். அன்று இரவு மெத்தை சரியாகச் சாப்பிடவில்லை. அதைக் கண்டுதான் விஷயம் பெரிது என்று மனைவிக்குப் புரிந்தது.

"ஏங்க, படுத்து எந்திரிக்கிறதுதானே? தினமும் காலையில செய்றதுதானே?"

"அதுக்கே நீ மூணு தடவை எழுப்புறே."

மறுநாள் அவள் அளவு நாடாவை எடுத்தாள். கணவரின் தோள் அகலத்தை அளந்தாள். அதைவிடச் சற்றே கூட்டி, கை ஊன்ற வேண்டிய இடங்களைத் தரையில் சாக்கட்டியால் குறித்தாள். படுக்க வைத்து, தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக இருக்கிறதா என்று பார்க்கத் துணி அளக்கும் கம்பை முதுகில் வைத்தாள். கம்பு உருண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

"இடுப்பைத் தூக்காதீங்க. கூடாரம் மாதிரி இருக்கு."

"இப்போ?"

"இப்போ தொட்டில் மாதிரி தொங்குது. வயித்தை இறுக்குங்க."

"எந்தப் பக்கம் இறுக்குறது? எல்லாப் பக்கமும் அதுதான் இருக்கு."

"முழங்கையை ரெக்கை மாதிரி விரிக்காதீங்க. பறக்கவா போறீங்க? உடம்போட ஒட்டினாப்புல வையுங்க. இறங்கும்போது மூச்சை இழுங்க, ஏறும்போது விடுங்க."

இறங்கினார். மூச்சை இழுத்தார். அதன்பிறகு ஏறவில்லை. மூச்சை எப்போது விடுவது என்று தரையிலிருந்தே பரிதாபமாகக் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. முதலில் சுவரில் கை ஊன்றித் தள்ளச் சொன்னாள். பிறகு தையல் மேசையைப் பிடித்து, அப்புறம் முழங்காலைத் தரையில் ஊன்றி என்று படிப்படியாக இறக்கினாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். மெத்தையும் மெல்ல மெல்ல நகர்ந்தது.

அலுவலகத்திலோ கலை வேறு உயரங்களைத் தொட்டிருந்தது. தண்டாலின் வகைகளைப் பிரிவுவாரியாகப் பகிர்ந்தளிக்க ஒரு குழு கூடி, தேநீர் தீரும்வரை விவாதித்தது. ஓய்வு பெறப்போகிறவர்களுக்குச் சுவர்த் தண்டால். அவர்கள் ஏற்கெனவே சுவரில் சாய்ந்துதான் பணியாற்றி வந்தார்கள். விரல்களை வைரம்போலச் சேர்த்து வைத்து எடுக்கும் வைரத் தண்டால் கணக்குப் பிரிவுக்கு. ஒற்றைக்கைத் தண்டால் அனுமதிப் பிரிவுக்கு. ஒரு கை எப்போதும் மேசைக்கு அடியில் காலியாக இருக்க வேண்டிய பிரிவு அது. உடம்பை உந்தி எழுப்பி அந்தரத்தில் கைதட்டும் வகை மிகவும் கடினமானது. அதைத் தலைமை அதிகாரியின் அறைக்கு வெளியே அமர்ந்திருக்கும் உதவியாளர்கள் பயிற்சியே இல்லாமல் முதல் நாளே செய்து காட்டினார்கள்.

தேர்வு நாள் வந்தது. இடம் வேண்டுமென்று கூடத்திலிருந்த பொதுமக்கள் நாற்காலிகள் அகற்றப்பட்டன. கூடத்து மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையும், யாராவது வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்ற "முன்யோசனை"யில் அகற்றப்பட்டது. ஊழியர்கள் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள். பக்கத்தில், கையில் விண்ணப்பத்தோடு மக்கள் வரிசையாக நின்றார்கள்.

வரிசையில் இருந்த ஒரு பெண், தேர்வை மேற்பார்த்துக்கொண்டிருந்த அலுவலகக் கண்காணிப்பாளரை மெல்லக் கூப்பிட்டாள்.

"சார், புது இணைப்புக்கு எத்தனை எடுக்கணும்?"

கண்காணிப்பாளருக்கு எதற்கும் "தெரியாது" என்று சொல்லிப் பழக்கமில்லை. "வீட்டு வரி ரசீது நகல் இருக்கா? இருந்தா அஞ்சு போதும்" என்றார். அவள் நன்றி சொல்லி, கைப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் படுத்தார்கள். மக்களும் அரசாங்கமும் ஒரே தரையில் ஒன்றுபட்ட காட்சியைக் கண்டு தலைமை அதிகாரிக்குக் கண் கலங்கியது.

மெத்தையின் முறை வந்தது. கையை ஊன்றினார். சாக்கட்டிக் குறி இல்லாமலே கை சரியான இடத்தில் உட்கார்ந்தது. வயிறு இறுகியது. முதுகு நேரானது. மூச்சை இழுத்து இறங்கினார். வீட்டில் ஒருநாளும் இப்படி அமைந்ததில்லை. இன்னும் ஏற வேண்டியதுதான் பாக்கி. ஏறிவிட்டால் தையற்கடை பிழைத்தது.

அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்த ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் கால் மடங்கி, முழங்காலில் சரிந்து, மெத்தைக்குப் பக்கத்தில் முகம் குப்புற விழுந்தார்.

தலைமை அதிகாரி விரைந்து வந்தார். குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்கய்யா! தலையிலேருந்து கால் வரைக்கும் ஒரே கோடு!"

"முழங்கை பாருங்க சார், உடம்போட ஒட்டி இருக்கு" என்றார் கண்காணிப்பாளர்.

"இதைத்தான் மாசம் பூரா தொண்டை கிழியச் சொன்னேன். பொதுஜனத்துக்கு வருது, உங்களுக்கு வரலை."

"அசையவே இல்லையே சார்?"

"அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு."

"மூச்சும் இல்லாத மாதிரி இருக்கு சார்."

"உள்ள இழுத்திருக்கார். ஏறும்போதுதானே விடணும்?"

உதவியாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உண்மையில் மூச்சு இருந்தது. அது தரையோடு தரையாகக் கிடந்த மெத்தைக்கு மட்டும் கேட்டது. ஒரு சாண் தூரத்தில் அந்த மனிதரின் முகம். உதடு வெடித்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. மெத்தைக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்தது. மனைவியின் முகம் நினைவுக்கு வந்தது. மலையடி மோட்டாரும் நினைவுக்கு வந்தது. முழங்காலை ஊன்றி எழுந்துவிட்டார்.

"யோவ் மெத்தை! பாதியில எந்திரிக்காதேய்யா, தோத்துடுவே!" என்று கண்காணிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

மெத்தை அந்த மனிதரைப் புரட்டினார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தன் தொப்பைமேல் சாய்த்துக்கொண்டார். குடிநீர் அலுவலகம் முழுவதும் தேடியும் குடிநீர் கிடைக்கவில்லை. ஆகவே தன் சாப்பாட்டுப் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து முகத்தில் தெளித்து, வாயில் கொஞ்சம் விட்டார்.

நடத்துநர் கண் திறந்தார். சுற்றிலும் படுத்துக் கிடந்தவர்களைப் பார்த்தார்.

"வண்டி கவுந்துடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா. ஆபீஸ் நடக்குது" என்றார் மெத்தை.

மாலையில் தலைமை அதிகாரி அவரை அறைக்கு அழைத்தார். மிகுந்த மரியாதையோடு உட்காரச் சொன்னார். அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு தகப்பனின் வருத்தம்தான் இருந்தது.

"நல்லாத்தான் இறங்கினீங்க. நானே பார்த்தேன். ஏறியிருந்தா பாஸ். ஏன் எந்திரிச்சீங்க?"

"அவர் மயங்கி விழுந்துட்டார் சார். தூக்கி விட வேண்டியதாப் போச்சு."

"இங்கதான் நீங்க தப்புப் பண்ணிட்டீங்க. தண்டாலோட தத்துவமே என்ன? அவனவன் தன்னைத் தானே தூக்கிக்கணும். அடுத்தவனைத் தூக்குறது அதுல எந்த வகையிலயும் இல்லை."

"கீழே கிடந்தாரே சார்."

"கிடக்கட்டுமே! இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேருந்து எத்தனை பேர் நம்ம வாசல்ல விழுந்திருக்காங்க? நமக்கு முன்னாடி இருந்த பெரியவங்க ஒருத்தரையாவது தூக்கினதா சரித்திரம் உண்டா? இன்னிக்கு நீங்க ஒருத்தரைத் தூக்கிட்டீங்க. நாளைக்கு ஊரே நம்மகிட்ட இதை எதிர்பார்க்குமே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

மெத்தை தலையைக் குனிந்துகொண்டார். தலைமை அதிகாரி கனிவோடு எழுந்து வந்து, அவர் தோளில் கை வைத்தார்.

"மனசு கஷ்டப்படாதீங்க. மலையடிக்குப் போங்க. அங்கே விழுறதுக்கு ஆளே இல்லை."